நேர் மேற்கே

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள், புவியியல் டீச்சர் லீவு என்று ஏழாம் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். நான் கணக்கு டீச்சர். பிள்ளைகளைச் சும்மா உட்கார வைக்க வேண்டாமே என்று அட்லஸை விரித்து, "நம்ம ஊர்ல இருந்து நேர் மேற்கே ஸ்கேல் வையுங்க, எங்க போய் முட்டுதுன்னு சொல்லுங்க" என்றேன். ஆப்பிரிக்கா என்று சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் பெஞ்சில் இருந்த பெண் ஸ்கேலை வைத்துவிட்டு, "டீச்சர், நடுவுல ஒரு புள்ளி இருக்கு" என்றாள்.

மினிக்காய். லட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடித் தீவு. எங்கள் தூத்தூர்க் கரையும் அதுவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, எட்டேகால் டிகிரி வடக்கு. நடுவில் சுமார் 450 கிலோமீட்டர் கடல், வேறு எதுவும் இல்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாட்கள் சூரியன் நேர் மேற்கே இறங்குமே, அந்த நாட்களில் எங்கள் கடப்புறத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது மினிக்காய் மேல்தான் விழுகிறது. நாற்பத்தைந்து வயது வரைக்கும் எனக்கு இது தெரியாது.

சாயங்காலம் சித்தப்பாவிடம் சொன்னேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

"இத ஸ்கேல் வச்சா கண்டுபிடிச்ச மக்ளே? முப்பது வருசமா அந்த வெளக்க நான் பாத்திருக்கேன்."

"தீவுல இறங்கியிருக்கீங்களா சித்தப்பா?"

"இறங்க விடமாட்டானுவ. பெர்மிட் வேணும். வெளக்கு கண்ணடிக்கும், நாங்க பாத்துட்டே போவோம். அவ்வளவுதான்."

அந்தப் பயணம் இந்தப் பேச்சில் ஆரம்பித்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்தில் இரயுமன்துறை. அதிலிருந்து கேரள எல்லையில் இருக்கும் நீரோடி வரைக்கும் வரிசையாக எட்டு ஊர்கள். பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை எல்லாம் இடையில். ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவதே வெளியாட்களுக்குத் தெரியாது, கோயில் கொடிமரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடலோரத்தில் மற்ற ஊர்க்காரர்கள் காலையில் போய் மதியம் வருவார்கள். எங்களவர்கள் போனால் மாதக்கணக்கு. சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். நீளமான கயிற்றில் நூற்றுக்கணக்கில் தூண்டில் கட்டிப் போடும் தொழில். படகுகளைக் கொச்சியிலும் முனம்பத்திலும் கட்டிப் போட்டிருப்பார்கள், ஏனென்றால் எங்கள் கரையில் அத்தனை பெரிய படகுகளுக்கு இடம் கிடையாது. அங்கிருந்து குஜராத் வரை, லட்சத்தீவைச் சுற்றி, சாகோஸ் தீவுகள் பக்கம் வரை போவார்கள். தீகோ கார்சியாவுக்கு அருகே போய் வெள்ளைக்காரனிடம் பிடிபட்டுத் திரும்பியவர்களின் கதை எங்கள் ஊர் டீக்கடைகளில் இன்றும் ஓடுகிறது.

சித்தப்பாவும் அப்படிப் போனவர்தான். மூட்டுவலி வந்து நிறுத்திவிட்டார். இப்போது வயது அறுபத்தெட்டு.

சரி, தீவுக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது அவர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. "கடலுக்குப் போறதுக்கு துட்டு கொடுக்கப் போறியா?" என்றாள். கேள்வி நியாயமானது. கடலுக்குப் போனால் துட்டு வர வேண்டும் என்பதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. சித்தியையும் கூப்பிட்டேன். அவள் ஒருநாளும் படகில் ஏறியதில்லை, கடலில் இடுப்பு அளவுக்கு மேல் இறங்கியதில்லை. "எனக்கு இஞ்ச இருந்து பாத்தா போதும்" என்று முடித்துவிட்டாள்.

லட்சத்தீவு நிர்வாகமே கப்பல் சுற்றுலா நடத்துகிறது. சமுத்திரம் என்று பெயர். கொச்சியில் ஏறினால் ஐந்து நாள். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகள். பகலில் தீவு, இரவில் கப்பல். தீவில் தங்குவது கிடையாது. தூங்கும்போது கப்பல் நகரும், விழிக்கும்போது வேறு தீவு நிற்கும். மழைக்காலத்தில் நடப்பதில்லை.

எழுதும்போது சுலபம். காகிதம் சேர்க்க இரண்டு மாதம் ஆனது. இந்தியர்களே ஆனாலும் அந்தத் தீவுகளுக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும், அதற்குக் காவல் நிலையத்திலிருந்து 'இவர் மேல் வழக்கு எதுவும் இல்லை' என்ற சான்று வேண்டும். சித்தப்பா ஸ்டேஷனுக்குப் போவதற்கு வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டார். "நாலு நாட்டுக் கடல்ல நிண்ணேன், ஒருத்தனும் எனக்கிட்ட நல்லவன்னு சர்ட்டிபிகேட் கேக்கல" என்று வழியெல்லாம் முனகல். நாங்கள் பிடித்த ஏஜென்ட் தேதியை இரண்டு முறை மாற்றினார். மூன்றாம் முறை மாற்றியிருந்தால் நான் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பேன். மாற்றவில்லை.

இடையில் ஒரு விஷயம். எங்கள் மாவட்டத்தில் 'கப்பலில் போயிருக்கிறாயா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் ஏறி விவேகானந்தர் பாறைக்குப் போனதைத்தான் சொல்வார்கள். கியூவில் நிற்பது ஒன்றரை மணி நேரம், பயணம் சில நிமிடம். ஆரஞ்சு நிற உயிர்காப்பு ஜாக்கெட்டின் வாசனை மட்டும் வீடு வரைக்கும் வரும். 2024 டிசம்பர் கடைசியில் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு கியூ இன்னும் நீண்டுவிட்டது. சித்தப்பா அந்தப் படகில் ஒருமுறைகூட ஏறியதில்லை. "அது பஸ்சு" என்பார்.

*

குழித்துறையில் ரயில் ஏறி எர்ணாகுளம். அங்கிருந்து வெல்லிங்டன் தீவு. கப்பல் முனையத்தில் நின்றபோதுதான் இது சுற்றுலாக் கப்பல் மட்டுமல்ல என்று புரிந்தது. முன்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் தீவுக்காரர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புபவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வந்த குடும்பம். வாழைக்குலை, முட்டைத் தட்டு, வெங்காய மூட்டை, பிளாஸ்டிக் நாற்காலி. தேங்காயையும் மீனையும் தவிர அநேகமாக எல்லாமே அங்கே கப்பலில்தான் போக வேண்டும். சுற்றுலாப் பயணிகளான எங்கள் கையில் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும். கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கப்பலின் பெயர் எம்.வி. கவரத்தி. விசாகப்பட்டினத்தில் கட்டியது. நீச்சல்குளமும் நாடக அரங்கும் உள்ள உல்லாசக் கப்பல்களின் படத்தை மனதில் வைத்துக்கொண்டு யாரும் ஏறக் கூடாது. கட்டில் போட்ட சின்ன அறை, வட்ட ஜன்னல், சாப்பாட்டுக் கூடம், மேலே காற்று வாங்க ஒரு தளம், அவ்வளவுதான். மது கிடையாது, தீவுகளில் மதுவிலக்கு. ஒலிபெருக்கியில் அவ்வப்போது மலையாளத்தில் ஏதாவது சொல்வார்கள். எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு மலையாளம் தடையில்லை.

நான் அறையைப் பார்க்கப் போனேன். சித்தப்பா கப்பலைப் பார்க்கப் போனார். அரை மணி நேரம் கழித்துத் தேடினால் கப்பலின் முன்நுனியில், அணியத்துப் பக்கம் நின்று நங்கூரச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உயிர்காக்கும் படகுகள் எத்தனை, ஒன்றில் எத்தனை பேர் ஏறலாம், எந்தப் பக்கம் எந்தப் படகு என்று எண்ணி முடித்திருந்தார். கப்பல் ஊழியர் ஒருவரிடம் எஞ்சின் எத்தனை குதிரைசக்தி என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையன் உங்களுக்கு எதற்கு என்று கேட்டானாம். "இவனுக்கும் தெரியாது கேட்டியா" என்று என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

முதல் ராத்திரி அவர் தூங்கவில்லை. அறைக்குள் காற்று இல்லை, அலை பக்கத்தில் அடிக்கும் சத்தம் கேட்கவில்லை, படுத்தால் கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று தெரியவில்லை. ஒன்றரை மணிக்கு எழுந்து மேல்தளத்துக்குப் போய்விட்டார். நானும் சால்வையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கப்பல் பதறாமல் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா நட்சத்திரத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "நீவாடு தெக்க இழுக்குது" என்றார். கடலடி நீரோட்டத்தை எங்கள் ஆட்கள் நீவாடு என்பார்கள். கடலுக்குப் போய்வந்தவரிடம் கரையில் முதலில் கேட்கும் கேள்வி, 'நீவாடு எப்படி?' என்பதுதான். மீன் கிடைத்ததா என்பதெல்லாம் அப்புறம்.

"சித்தப்பா, நீங்க இப்ப பயணி. வந்து படுங்க."

"கடல்ல சும்மா இருக்கணும்னா எப்பிடி மக்ளே? கை என்ன செய்யும்?"

கை என்ன செய்யும். அந்த ஐந்து நாளில் இதை நான் பலமுறை யோசித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெங்களூர்த் தம்பதிக்குக் கடல் என்றாலே ஓய்வு. ஓய்வுக்காகத்தான் கடலுக்கு வந்திருக்கிறார்கள். நாலு மாதம் திட்டம் போட்டு, லீவு சேர்த்து. சித்தப்பாவுக்குக் கரைதான் ஓய்வு, கடல் என்றால் எஞ்சின் சத்தம், ஐஸ் கணக்கு, டீசல் கணக்கு, வானம் கறுக்கிறதா என்ற கவலை. அவரை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்துக் 'கடலை ரசியுங்கள்' என்று சொல்வது, என்னை ஒரு லீவு நாளில் வகுப்பறையில் உட்கார வைத்துக் கரும்பலகையை ரசிக்கச் சொல்வது மாதிரி.

விடியும் நேரம் பறவைக் கோலா மீன்கள் கூட்டமாகத் தண்ணீரைவிட்டு எழும்பிப் பறந்து விழுந்தன. எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சித்தப்பா சொன்னார்: "அடியில ஏதோ பெரிசு தொரத்துது."

*

கவரத்தி. கொச்சியிலிருந்து 404 கிலோமீட்டர். கப்பல் கரைக்குப் போகவில்லை. இந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை ஒரு மதில் மாதிரி நிற்கிறது. மதிலுக்கு உள்ளே பச்சையும் நீலமுமாக ஆழமில்லாத தண்ணீர், வெளியே ஒரேயடியாகப் பாதாளம். பெரிய கப்பல் வெளியிலேயே நிற்கும். தீவிலிருந்து சின்னப் படகு வந்து பக்கத்தில் ஒட்டும். கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து நம்மைப் படகில் இறக்குவார்கள். படகு அலைக்கு ஏறும், இறங்கும். அது மேலே வரும் நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். ஊழியர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து ஏறக்குறைய தூக்கிப் போடுகிறார்கள். வாட்டசாட்டமான இளைஞர்கள் எல்லாம் கதவருகே நின்று சாமி கும்பிட்டார்கள். மூட்டுவலிக்காரரான சித்தப்பா நீட்டிய கையைப் பிடிக்காமல் ஒரு அலையை விட்டார், அடுத்ததையும் விட்டார், மூன்றாவதில் படிக்கட்டு இறங்குகிற மாதிரி இறங்கினார். அந்த ஊழியப் பையன் அதற்குப் பிறகு அவரைச் 'சேட்டா' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு 'ஸ்ராங்கே' என்று கூப்பிட ஆரம்பித்தான். படகை ஓட்டும் தலைவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கவரத்தியில் பார்க்க வேண்டியவற்றை வேன் வைத்துக் காட்டினார்கள். மரச்செதுக்கு வேலை நிறைந்த கூரையுள்ள உஜ்ரா பள்ளிவாசல், மீன் காட்சியகம், கடற்கரை. எல்லாம் அழகுதான், எனக்கு அதிகம் சொல்ல இல்லை. சித்தப்பாவுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "குடிக்க வெள்ளத்துக்கு என்ன செய்யினும்?"

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது. தீவில் ஆறு கிடையாது, குளமும் சொல்லும்படி இல்லை. மணலுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர், எடை குறைவு என்பதால், அடியில் இருக்கும் உப்புத்தண்ணீர் மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கும். கிணற்றில் அளவாக இறைத்தால் நல்ல தண்ணீர், பேராசைப்பட்டு இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். 2005-இல் சென்னையிலிருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இங்கே ஒரு ஆலை போட்டது. கடலின் மேல்தண்ணீர் 28 டிகிரி சூடு. அதை வெற்றிடத்துக்குள் விட்டால் அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் போட்டு உறிஞ்சும் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். ஆவியை அதைக்கொண்டு குளிர வைத்தால் நல்ல தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளியதுமே அத்தனை ஆழம் கிடைப்பதால்தான் இது நடக்கிறது, நம் கரையில் அந்த ஆழத்துக்கு எவ்வளவோ தூரம் போக வேண்டும். சித்தப்பா ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துப் பார்த்து, "ருசியில்ல. ஆனா நல்ல வெள்ளம்" என்றார். தங்குகடலுக்குப் போனவர்களுக்குத் தண்ணீரைப் பற்றித் தனிக் கருத்து உண்டு. படகில் டீசலைவிடத் தண்ணீரைத்தான் ஒளித்து வைப்பார்களாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சூரை மீன் கறி. "தேங்கா கூடுதல், புளி போதாது." தீர்ப்பு அவ்வளவுதான், ஆனால் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

கடற்கரைத் தென்னைமரத்தடியில் படுத்துக்கொண்டு நான் படித்த ஒரு தகவல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இந்தத் தீவுகள் முன்பு மலபார், தென் கன்னட மாவட்டங்களைச் சேர்ந்தவை, அதாவது சென்னை மாநிலத்தில் இருந்தவை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அங்கிருந்து பிரிந்து யூனியன் பிரதேசமாயின. அதே நாளில்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. ஒரே ராத்திரியில் நாங்கள் உள்ளே வந்தோம், இவர்கள் வெளியே போனார்கள். வருடா வருடம் பள்ளிக்கூடத்தில் நவம்பர் 1 கொண்டாடுகிறோம், அன்று இங்கேயும் கொடியேற்றுவார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

*

கல்பேனிக்குப் போவதற்கு முன்பு ஒன்று சொல்ல வேண்டும். சித்தப்பா இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டதற்கு நான் காரணமில்லை. அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கும் கப்பலில் இரண்டாம் நாள்தான் மண்டையில் ஏறியது.

2017 நவம்பர் 30. ஒக்கி. எங்கள் எட்டு ஊரிலும் அந்தத் தேதியை யாரும் விளக்க வேண்டாம். ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு முன்னறிவிப்பு போய்ச் சேரவில்லை. புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிவிட்டு மேற்கே லட்சத்தீவு நோக்கிப் போனது. படகுகளும் அதே வழியில் போயின. எத்தனையோ பேர் திரும்பவில்லை. இன்றைக்கும் எங்கள் தெருவில் நாலு வீட்டுச் சுவரில் அந்த வருடப் படம் மாலையோடு தொங்குகிறது. சித்தப்பாவின் மகன், என் தம்பி, போயிருந்த படகு தீவுக் கரை ஒன்றில் ஒதுங்கியது. அப்படிப் பல படகுகள் அந்தத் தீவுகளில் கரையேறின. ஐந்தாம் நாள் போன் வந்தது. அந்த ஐந்து நாளும் சித்தப்பா கடப்புறத்தில் நின்ற நிற்பை நான் எழுதப் போவதில்லை.

தம்பி பிறகு துபாய்க்குப் போய்விட்டான். கடலுக்கே போகவில்லை. எந்தத் தீவு என்று அவனுக்குச் சரியாகச் சொல்லவும் தெரியவில்லை, ஒதுங்கின இடத்தில் பெயர்ப்பலகையையா பார்ப்பான். கல்லாகக் குவிந்த கரை, உள்ளே அமைதியான தண்ணீர், லுங்கியும் கட்டன்சாயாவும் கொடுத்த ஆட்கள். அவ்வளவுதான் அவனுக்கு நினைவு.

கல்பேனியின் கிழக்குக் கரையில் நாங்கள் அந்தக் கற்களைப் பார்த்தோம். 1847-இல் அடித்த ஒரு பெரும்புயல் பவளப்பாறைகளைப் பெயர்த்துக் கரையில் அணை மாதிரிக் குவித்துப் போட்டதாம். ஒவ்வொன்றும் எங்கள் ஊரில் அலையைத் தடுக்கப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கல் மாதிரி. சித்தப்பா ஒரு கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இதே தீவுதானா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. வேனில் ஏறச் சொல்லி விசில் அடித்தார்கள்.

அப்புறம் ஒரு சாயாக்கடையில் அவர் பேச்சுக் கொடுத்தார். அங்கே பேசுவது ஜெசரி, மலையாளத்தின் உறவு, ஆனால் வேகமாகப் பேசினால் நமக்குப் பாதி வழுக்கிவிடும். ஒக்கி என்ற சொல் மட்டும் இருவருக்கும் பொது. கடைக்காரர் பெரியவர். ஆமாம், புயல் நேரம் படகுகள் வந்தன, தமிழ்க்காரர்களும் இருந்தார்கள் என்றார். எந்த ஊர் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் தங்க வைத்ததாகச் சொன்னார்.

"பெர்மிட் கேட்டீங்களா?" என்றார் சித்தப்பா.

கடைக்காரருக்குக் கேள்வி புரியவில்லை. நான் மலையாளத்தில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு சாயாவுக்குக் காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். சித்தப்பா காசை வைத்துவிட்டுத்தான் வந்தார். வரும் வழியில் பேசவில்லை.

சாயங்காலம் கண்ணாடி அடிப்பலகைப் படகில் கூட்டிப் போனார்கள். பவளத் தோட்டம், நீலமும் மஞ்சளுமாகச் சின்ன மீன்கள், ஒரு ஆமை. அங்கங்கே பவளம் செத்து வெளுத்துக் கிடந்தது. கடல் சூடேறிய வருடங்களில், 1998-இலும் 2010-இலும் 2016-இலும், பெரிய அளவில் அப்படி வெளுத்திருக்கிறது என்று வழிகாட்டிப் பையன் சொன்னான். எங்கள் எதிரே இருந்தவர்கள் 'வாவ்' என்றார்கள். சித்தப்பா கண்ணாடிக்குக் குனிந்து முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டார். வாலிபத்தில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கயிறு தளரும் கணத்தை விரலால் உணர்ந்து, இங்கே பாறை, இங்கே சேறு என்று சொன்னவர். கடலின் அடியை அவர் விரலால் பார்த்ததுதான் அதிகம். "இப்பிடியா கெடக்கு" என்று மட்டும் கேட்டது. யாரிடமும் இல்லை.

*

கல்பேனிக்கும் மினிக்காய்க்கும் நடுவே ஒன்பது டிகிரிக் கால்வாய். கால்வாய் என்றதும் பேச்சிப்பாறைக் கால்வாயை நினைக்காதீர்கள். இது ஏறக்குறைய 200 கிலோமீட்டர் அகலத் திறந்த கடல். அந்த ராத்திரி கப்பல் உருண்டது. பெங்களூர்த் தம்பதி, நான், எங்கள் வராந்தாவில் இருந்த ஏறக்குறைய எல்லோரும் வாந்தி. எட்டு ஊர் மீனவ வம்சம் என்ற என் பெருமை பிளாஸ்டிக் பையில் போனது. சித்தப்பா எலுமிச்சம்பழத்தை நறுக்கி வராந்தா முழுக்க விநியோகம் செய்தார். ராத்திரி முழுக்க அவருக்கு வேலை இருந்தது. அந்தப் பயணத்திலேயே அவர் முகம் தெளிந்திருந்த ராத்திரி அதுதான்.

காலையில் மினிக்காய். பிறை மாதிரி வளைந்து சுமார் 10 கிலோமீட்டர் நீளம். இங்கே இறங்கியதும் மலையாளம் செல்லாது. மஹல் என்ற மொழி, மாலத்தீவின் திவேகிதான் அது. எழுத்து வலமிருந்து இடம். பதினோரு ஊர்கள், ஊருக்கு ஊர் பொதுவீடு, அங்கே நடப்பதை ஊர்க்கூட்டம்தான் முடிவு செய்கிறது. ஆண்களில் பலர் உலகம் முழுக்கச் சரக்குக் கப்பல்களில் மாலுமிகள். வீட்டையும் ஊரையும் நடத்துவது பெண்கள். இதைக் கேட்டபோது எனக்குச் சித்தி ஞாபகம் வந்தாள். நேர் மேற்கே 450 கிலோமீட்டரில் அவளைப் போலவே ஆயிரம் பேர்.

மினிக்காயில் சூரை பிடிப்பதைச் சித்தப்பாவுக்குப் படகுத்துறையில் ஒருவர் விளக்கினார். கையசைவில்தான் பாதி. முதலில் பவளப்பாறை மதிலுக்குள் இருக்கும் உள்கடலில் சின்ன மீன்களைப் பிடித்துப் படகுக்குள்ளேயே கடல்தண்ணீர் வந்து போகும் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்வார்கள். வெளியே சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அந்த மீன்களை அள்ளி வீசி, படகின் பின்னால் தண்ணீரைச் சாரலாக அடிப்பார்கள். சூரைக்கு அது சின்ன மீன் துள்ளுகிற மாதிரி இருக்கும். வெறி பிடித்து வரும். அப்போது நீளக் கழியில் கட்டிய, முள் இல்லாத தூண்டிலை விட்டு ஒவ்வொன்றாகச் சுண்டித் தலைக்கு மேலே பின்னால் எறிவார்கள். முள் இல்லாததால் மீன் தானே கழன்று விழும். வலை கிடையாது. ஒரு கழி, ஒரு ஆள், ஒரு மீன்.

"ஆமையும் மாட்டாது, குஞ்சும் மாட்டாது" என்று சித்தப்பா தலையை ஆட்டினார். தன் தொழிலைப் பற்றி நாலு விஷயம் யோசிக்கிறார் என்று தோன்றியது. கேட்கவில்லை.

அந்தச் சூரையைத்தான் துண்டு போட்டு, உப்புத்தண்ணீரில் அவித்து, புகை போட்டு, வெயிலில் கட்டை மாதிரி ஆகும்வரை காய வைக்கிறார்கள். மூக்கில் ஏறியதும் கண்டுபிடித்துவிட்டேன். மாசி! சம்பலுக்கு இடித்துப் போடும் அதே மாசிக் கருவாடு. சித்தப்பா சித்திக்காக இரண்டு கிலோ வாங்கினார்.

பிறகு கலங்கரை விளக்கம். வெள்ளைக்காரர்கள் 1885-இல் கட்டியது. ஏறுவதற்கு அனுமதி உண்டு, ஆனால் வளைந்து வளைந்து போகும் படி. "முட்டி தாங்காது சித்தப்பா, கீழ இருங்க" என்றேன். அவர் ஏற்கெனவே ஏற ஆரம்பித்திருந்தார். மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். மேலே போனதும் ஒரு பக்கம் பச்சைநிற உள்கடல், அதற்குள் விரிங்கிலி என்ற சின்னத் தீவு, ஒரு காலத்தில் தொழுநோயாளிகளை அங்கே கொண்டுபோய் விடுவார்களாம். மறுபக்கம் கறுநீலத்தில் பெருங்கடல். எல்லோரும் பச்சைப் பக்கம் நின்று படம் எடுத்தார்கள். சித்தப்பா பெருங்கடல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தால" என்று கையைக் காட்டினார். கை காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர். "தொண்ணூத்தி மூணுல அந்தால எஞ்சின் நிண்ணுபோச்சு. ரெண்டு ராத்திரி. இந்த வெளக்கு சுத்திச் சுத்தி வந்து எங்க மூஞ்சியில அடிக்கும், போவும். அடிக்கும், போவும். எண்ணிட்டே இருப்போம். மேல ஒரு ஆளு நிப்பான்லா, அவனுக்கு நம்மளத் தெரியுமான்னு எனக்கக் கூட இருந்த பய கேட்டான்."

கீழே பார்த்தார். மறுபடி கடலைப் பார்த்தார்.

"தெரியாது மக்ளே. இஞ்ச இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

இறங்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதுவரைக்கும் பிடித்ததில்லை.

*

திரும்பும் ராத்திரி கடல் அமைதி. இரண்டு மணிக்குக் கண்விழித்துப் பார்த்தேன், அடுத்த கட்டிலில் சித்தப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காலையில் கொச்சி முகத்துவாரத்தில் சீனவலைகள் தெரியும் வரை எழுந்திருக்கவில்லை. நான்தான் தட்டி எழுப்பினேன்.

சித்தி மாசியை முகர்ந்து பார்த்து, "இது நம்ம சந்தையில கிடைக்காதா? இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றாள். ஆனால் அன்றைக்கே இடித்துச் சம்பல் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கடப்புறத்தில் சித்தப்பாவின் பழைய கூட்டாளிகள் நாலு பேர். தீவில் இறங்கினாயா, இறங்கினேன். தண்ணி எப்படி, நல்ல தண்ணி. விளக்கில் ஏறினாயா, ஏறினேன். ஒருத்தர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே கேட்டார்.

"வரும்போ நீவாடு எப்பிடி இருந்துது?"

சித்தப்பா வாயைத் திறந்தார். கொஞ்ச நேரம் மேற்கே பார்த்தார்.

"பாக்கலலே" என்றார்.

நாலு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பீடிக்காரர் புகையை விட்டுவிட்டு, "அப்ப நீ கடலுக்கே போகல" என்றார்.